பழைய பேட்டரி எங்கே?

கரண்டு ஒயரை இரண்டு பக்கமும் பிடுங்கிக் கழுத்தில் மாலையாகப் போட்டுக்கொண்ட பிறகுதான் அழகி நாற்காலியில் உட்காருவார். சுவிட்சை அணைத்தால் போதாதா என்று அவரிடம் யாரும் கேட்டுவிடக் கூடாது. கேட்டால் அன்றைக்கு அவ்வளவுதான். "சுவிட்ச அணைச்சா யாரு வேணா வந்து திரும்பப் போடலாம். ஒயரு என் கழுத்துல கெடந்தா எவன் போடுவான்? என் கழுத்த அறுத்துல்ல எடுக்கணும்?" என்பார். சொல்லிக்கொண்டே, கரண்டே இல்லாத சிபியுவின் பவர் பட்டனைக் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடிப்பார். உள்ளே மிச்சம் மீதி தங்கியிருக்கும் மின்சாரம் வடிந்துவிட வேண்டும். அப்புறம் இரும்புப் பெட்டியை உள்ளங்கையால் தொடுவார். கோயில் வாசற்படியைத் தொட்டுக் கும்பிடுகிற மாதிரி இருக்கும். ஆனால் பக்தி ஒன்றும் கிடையாது. நம் உடம்பில் ஒட்டியிருக்கும் மின்சாரம் பெட்டியோடு போகட்டும், மதர்போர்டில் பாய வேண்டாம் என்கிற முன்ஜாக்கிரதைதான்.

கறம்பக்குடியில் கம்ப்யூட்டர் மக்கர் பண்ணினால் இவருக்குத்தான் போன் போகும். நாற்பதைத் தாண்டிய பெண். இறுக்கிப் போட்ட கொண்டை. சேலைக்கு மேலே வீட்டுக்காரரின் பழைய முழுக்கைச் சட்டை. நெற்றியில் ரப்பர் பட்டை வைத்த டார்ச். வீட்டுக்காரர் கண்ணன் குவைத்தில் வேலை பார்க்கிறார். "சட்டை இங்கிட்டு, ஆளு அங்கிட்டு" என்று அழகி சொல்வதைக் கேட்டால் சிரிப்பு வரும். சிரித்தால் அதற்கும் முறைப்பார்.

பிறந்த ஊர் குன்றாண்டார்கோவில் பக்கம். டிப்ளமா படித்து, திருச்சியில் ஒரு கம்பெனியில் சர்வீஸ் வேலை பார்த்து, கல்யாணமாகி இந்தப் பக்கம் வந்தவர். வந்த புதிதில் கடைக்காரர்கள், "வேற ஆளு யாரும் இல்லையா? நீங்களா பாக்கப் போறீங்க?" என்று இழுப்பார்களாம். "ஏன், பொம்பளை தொட்டா ஒங்க கம்ப்யூட்டரு கெட்டுப்போயிருமா? இப்ப மட்டும் என்ன ஓடிக்கிட்டா இருக்கு?" என்று இவர் திருப்பிக் கேட்பாராம். அப்படி இழுத்தவர்கள் யார் யாரென்று எனக்குத் தெரியும். இன்றைக்கு அவர்கள்தான், "எங்கம்மா இருக்கீங்க, செத்த வந்துட்டுப் போங்க" என்று போனில் குழைகிறார்கள். அழகி மறந்துவிட்டார். எனக்குத்தான் அந்த எரிச்சல் இன்னும் தீரவில்லை.

அவர் கோபத்துக்குக் காரணம் தேடிப் போக வேண்டியதில்லை, நாமே வீடு தேடிக் கொடுப்போம். சிபியுவின் தலையில் டீ டம்ளரை வைப்பது ஒன்று. கட்டுமாவடியில் மீன் கமிஷன் கடைக்காரர் ஐஸ் பெட்டியைத் திறந்த அதே ஈரக்கையோடு கீ போர்டைத் தட்டுவது ஒன்று. ஆயுத பூஜைக்கு மறுநாள் அவர் முகத்தைப் பார்க்கவே கூடாது. "பொட்டு வைங்க, வேணாங்கல. அதுக்காக ஃபேன் ஓட்டைக்குள்ள ஏன் குங்குமத்தக் கொட்டுறீங்க? அது என்ன உண்டியலா?" என்று ஒரு கூட்டுறவு சங்கத்துச் செயலாளரை அவர் கேட்டபோது நான் பக்கத்தில் இருந்தேன். செயலாளர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். சாமியிடம் மன்னிப்பா, அழகியிடமா என்று தெரியவில்லை.

அவர் அதிகம் செய்கிற வேலை என்னவோ ரொம்பச் சின்னது. கம்ப்யூட்டருக்குள், மதர்போர்டின் ஒரு மூலையில், ஒற்றை ரூபாய்க் காசு அளவுக்கு ஒரு பேட்டரி பதிந்திருக்கும். கரண்டு இல்லாத நேரத்திலும் தேதியையும் நேரத்தையும் பிடித்துவைத்திருப்பது அதுதான். கடை சாத்தும்போது மெயினையே அணைத்துவிட்டுப் போகிற ஊர் எங்களுடையது. அதனால் பேட்டரி சீக்கிரம் தீர்ந்துபோகும். தீர்ந்துவிட்டால், காலையில் போடும்போது இது எந்த வருஷம் என்றே கம்ப்யூட்டருக்குத் தெரியாது, எங்கேயோ பின்னால் போய் நிற்கும். தேதி தப்பாக இருந்தால் எந்த வெப்சைட்டும் ஒழுங்காகத் திறக்காது. சான்றிதழ் வாங்க வந்த சனம் சர்வர் வேலை செய்யவில்லை என்று நினைத்துக்கொண்டு, அரசாங்கத்தைத் திட்டிவிட்டு பஸ் ஏறும்.

அந்தப் பேட்டரியை மாற்றுவதற்கு அழகியிடம் ஒரு முறை உண்டு. கை வைக்கும் முன் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்வார், எந்தப் பக்கம் மேலே இருந்தது என்பதில் சண்டை வரக் கூடாது. பேட்டரியின் மேல் பொறித்திருக்கும் எண்ணைப் படித்து, அதே எண்ணில்தான் புதுசு வாங்குவார். "ஏறக்கொறைய இதே சைசுதான்" என்று எவனாவது வேறொன்றை நீட்டினால், "ஏறக்கொறைய ஒங்களுக்குக்கூட ஒரு பொண்டாட்டி பாக்கலாமா?" என்று கேட்டுவிடுவார். பேட்டரியைப் பிடித்திருக்கும் சின்னக் கொக்கியை நகத்தால் தள்ளுவார், ஸ்க்ரூடிரைவரை விட்டு நெம்ப மாட்டார். பேட்டரி துள்ளி மேலே வரும். புதுசை ஓரத்தில் பிடித்து, கூட்டல் குறி மேலே தெரிகிற மாதிரி வைத்து அழுத்துவார்.

பழசுக்குத்தான் ராஜ மரியாதை. இரண்டு பக்கமும் செலோ டேப்பை ஒட்டி, மூடி திருகுகிற மாத்திரை டப்பாவுக்குள் போட்டு, சட்டைப் பையில் வைத்துக்கொள்வார். "செத்த பேட்டரிக்கு எதுக்கும்மா இவ்வளவு?" என்று நானே ஒருமுறை கேட்டேன். "கம்ப்யூட்டருக்குத்தான் சார் அது செத்துருச்சு. ஒரு பச்சப் புள்ளை தொண்டைக்கு அது இன்னும் உசுரோடதான் இருக்கு" என்றார். தேதி காட்டக்கூடத் தெம்பில்லாத பேட்டரி, தொண்டையில் சிக்கி எச்சில் பட்டால் சுற்றியிருக்கும் சதையைப் பொசுக்கிவிடும் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. இந்தப் பேச்சை அவர் போகிற இடமெல்லாம் பேசுவார். கேட்டுக் கேட்டுச் சனங்களுக்குக் காது மரத்துப்போனது.

இத்தனையும் பேசுகிற அழகி ஒரு நாள் பழைய பேட்டரியை ஒரு மேஜைமேல் விட்டுவிட்டு வந்தார். அதைச் சொல்லாமல் அவரைப் பற்றி எழுதினால் அது முகஸ்துதியாகிவிடும். போன வருஷம் நடந்தது அது.

கடைவீதியில் பிரகதீஸ்வரியும் அவர் கணவர் பிரவீன்குமாரும் ஒரு ஆன்லைன் சென்டர் வைத்திருக்கிறார்கள். அவர்கள் மகள் காவ்யா அப்போதுதான் எதையாவது பிடித்து நின்று, இரண்டு எட்டு வைத்து, பொத்தென்று விழப் பழகியிருந்தாள். மேஜைகளுக்கு அடியில்தான் அவள் குடித்தனம். கீழே விழுந்த கிளிப், பேனா மூடி, கிழிந்த டோக்கன் எல்லாம் அவள் சொத்து.

அன்றைக்குச் சந்தை நாள். பட்டா நகல், வருமானச் சான்றிதழ் என்று கூட்டம் வாசல் வரை நின்றது. கூட்டத்தில் நானும் ஒருவன். கம்ப்யூட்டரோ தேதி தெரியாமல் விழித்துக்கொண்டிருந்தது. அழகி வந்தார். ஒயரைப் பிடுங்கிக் கழுத்தில் போட்டார். சிபியுவை மேஜைமேல் படுக்கவைத்துத் திறந்தார். பிரவீன்குமார் நிலைகொள்ளாமல் அவருக்குப் பின்னால் அலைந்துகொண்டிருந்தார்.

"சீக்கிரம்க்கா. கூட்டம் நிக்கிதுக்கா."

"நிக்கட்டும் தம்பி. நீங்க செத்த அங்கிட்டுப் போய் நில்லுங்க."

"பேட்டரிதானக்கா? டக்குனு மாத்திவிட்டுட்டுப் போங்க."

"டக்குனு மாத்துறதுக்கு இது டார்ச் லைட்டா? கைய எடுங்க!"

பழைய பேட்டரி வெளியே வந்தது. அதைக் கீ போர்டுக்குப் பக்கத்தில் வைத்தார். புதியதைப் போட்டார். ஃபேனில் உரசிக்கொண்டிருந்த ஒரு மெல்லிய ஒயரை ஒதுக்கிவிடக் கையை உள்ளே விட்டார். டேப் ஒட்டுகிற வேலை அதற்குப் பிறகுதான் அவர் கணக்கில்.

பிரவீன்குமாருக்கு அதற்குள் ஒரு யோசனை வந்துவிட்டது. பிரின்டரின் ஒயரும் சிபியுவின் ஒயரும் ஒரே ஜாடை. அழகியின் கழுத்தில் கிடந்தது கிடக்கட்டும் என்று, பிரின்டரின் ஒயரைப் பிடுங்கி சிபியுவின் பின்பக்கம் செருகி, பட்டனையும் அமுக்கிவிட்டார். சத்தியமாகச் சொல்கிறேன், இதைச் செய்துவிட்டு அந்த மனிதர் முகத்தில் ஒரு சாமர்த்தியச் சிரிப்பு இருந்தது. அவசரத்தில் அண்டாவுக்குள்ளேயும் கை போகாது என்பார்கள். இவருடைய அவசரத்துக்கு அழகியின் கை உள்ளே இருந்தது. ஃபேன் சுற்றி விரலைக் கிழித்தது.

அழகி போட்ட சத்தத்தில் எதிர்ச்சாரியில் பூக்கடை வைத்திருக்கும் காத்தாயி எழுந்து வந்துவிட்டார்.

"என் கழுத்துல ஒயரு எதுக்குடா தொங்குது? தாலின்னு நெனச்சியா? உள்ள கை இருக்கிறது ஒன் கண்ணுக்குத் தெரியலையா?"

"முடிஞ்சிருச்சுன்னு நெனச்சேன்க்கா. இப்ப என்ன ஆயிப்போச்சு? லேசாத்தான கிழிச்சிருக்கு? அதுக்கு எதுக்கு இந்தக் கத்து கத்துறீங்க?"

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்புதான் அழகியை எழுப்பிவிட்டது. சிபியுவின் பக்கவாட்டு மூடியைப் படாரென்று அடைத்தார். கழுத்து ஒயரைக் கழற்றி மேஜையில் வீசினார். பையைத் தோளில் மாட்டினார். "இனிமே இந்தக் கடைப் படிய மிதிச்சா என்னன்னு கேளு" என்று சொல்லிவிட்டு, ரத்தம் சொட்டுகிற விரலை முந்தானையில் சுற்றிக்கொண்டு இறங்கிப் போனார். பழைய பேட்டரி கீ போர்டுக்குப் பக்கத்திலேயே கிடந்தது. நான் அதைப் பார்க்கவில்லை. யாருமே பார்க்கவில்லை.

அடுத்து அவர் வர வேண்டியது என் வீட்டுக்கு. என் கம்ப்யூட்டருக்கும் அதே நோய்தான். நான் நகல் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது அவர் வாசலில் ஸ்கூட்டியில் உட்கார்ந்து பிரவீன்குமாரின் பரம்பரையையே திட்டிக்கொண்டிருந்தார். வேலை பார்க்கும்போதும் திட்டு நிற்கவில்லை. என் பழைய பேட்டரியை எடுத்தார். டேப் ஒட்டினார். சட்டைப் பையிலிருந்து மாத்திரை டப்பாவை எடுத்துத் திருகித் திறந்தார். திட்டு பாதியில் நின்றது.

டப்பா காலியாக இருந்தது.

"சார், காலையில நான் அங்க ஒண்ணு எடுத்தேன்ல?" என்றார். அவர் குரல் அவ்வளவு தணிந்து நான் கேட்டதில்லை. "அந்தப் பேட்டரி எங்க சார்?"

பதிலுக்குக் காத்திருக்கவில்லை. என் கம்ப்யூட்டர் வாயைப் பிளந்தபடி மேஜையில் கிடக்க, அவர் ஸ்கூட்டியைக் கிளப்பினார். நான் பின்னால் தொற்றிக்கொண்டேன். போகும் வழியில் நான் பலமுறை போன் செய்தும் சென்டரில் யாரும் எடுக்கவில்லை.

ஏன் எடுக்கவில்லை என்று போனதும் தெரிந்தது. பிரகதீஸ்வரியின் தோளில் காவ்யா துவண்டு கிடந்தாள். அழுகை பாதியில் உடைந்து உடைந்து வந்தது. வாயிலிருந்து எச்சில் நூலாக வழிந்து தாயின் முதுகை நனைத்திருந்தது. கல்லா டிராயர் திறந்திருந்தது, தரையில் சில்லறை சிதறிக் கிடந்தது.

"ஒத்த ரூவாக் காச முழுங்கிட்டாக்கா" என்றார் பிரகதீஸ்வரி. "டிராயரத் தொறந்து வச்சிட்டு ஒரு நிமிசம் திரும்பிட்டேன்."

எங்கள் பக்கத்தில் காசு விழுங்காத பிள்ளை கிடையாது. அதற்கு வைத்தியம் தெரியாத வீடும் கிடையாது. வாழைப்பழத்தைக் கொடு, இல்லையென்றால் சோற்றை உருட்டிக் கொடு, மறுநாள் காலையில் காசு தானாக வெளியே வரும். வந்த காசைக் கழுவி உண்டியலில் போட்டவர்கள் உண்டு. காத்தாயி அதற்குள் ஒரு பழத்தை உரித்துக்கொண்டு வந்துவிட்டார்.

"இந்தாத்தா, இதப் பிச்சு ஊட்டு. பழத்தோட வழுக்கிக்கிட்டு எறங்கிரும். எம் மக்க முழுங்காத காசா?"

பிரகதீஸ்வரி பழத்துக்குக் கை நீட்டினார். அழகி அதைத் தட்டிவிட்டார். பழம் தெருவில் போய் விழுந்தது.

"ஒரு வாய் தண்ணிகூடக் குடுக்காதீங்க! பழைய பேட்டரி எங்க?"

கீ போர்டைத் தூக்கினார். மவுசைத் தூக்கினார். மேஜைக்கு அடியில் நெற்றி டார்ச்சைப் போட்டு முழங்காலில் தவழ்ந்தார். கிளிப் இருந்தது, பேனா மூடி இருந்தது. பேட்டரி இல்லை.

"காசுதான்க்கா" என்றார் பிரவீன்குமார். "சும்மா பீதியக் கெளப்பாதீங்க. கூட்டம் கொறையட்டும், சாயங்காலம் டாக்டர்கிட்ட காட்டிக்கிறோம்."

"காசா இருந்தா என்னைச் செருப்பால அடிங்க. வாங்கிக்கிறேன். பேட்டரியா இருந்தா சாயங்காலம் யார அடிப்பீங்க?"

சொல்லிவிட்டுப் பிரகதீஸ்வரியைப் பிள்ளையோடு ஸ்கூட்டியில் ஏற்றிக்கொண்டு பறந்தார். நானும் பிரவீன்குமாரும் இன்னொரு வண்டியில் பின்னால் போனோம். போகும் வழியிலும் அவர், "காசுதான் சார், அந்தக்கா எதையும் பெருசாக்கும்" என்று சொல்லிக்கொண்டு வந்தார். வண்டியிலிருந்து தள்ளிவிட்டால் என்ன என்று எனக்குத் தோன்றியது.

ஆஸ்பத்திரியில் வரிசை நீளமாக இருந்தது. அழகி வரிசையைப் பார்க்கவே இல்லை. "புள்ளை பட்டன் பேட்டரிய முழுங்கிருச்சு!" என்று கத்திக்கொண்டே உள்ளே போனார். ஷர்லி என்கிற அந்த இளம் டாக்டர் பேட்டரி என்ற சொல்லைக் கேட்டதும் கையிலிருந்ததைப் போட்டுவிட்டு எழுந்து வந்தார். எக்ஸ்ரே எடுத்தார்கள். தொண்டைக்குக் கீழே வெள்ளையாக ஒரு வட்டம் தெரிந்தது. பார்த்ததும் பிரவீன்குமார், "நான் சொல்லல? காசு" என்றார். டாக்டர் வட்டத்தின் ஓரத்தை விரலால் காட்டினார். ஓரத்துக்குச் சற்று உள்ளே இன்னொரு மெல்லிய வட்டம் இருந்தது. "காசுல இது இருக்காது. இது பேட்டரிதான்" என்றார். ஆம்புலன்ஸ் ஏற்பாடு செய்து, அவரே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு ஆட்களைத் தயாராக இருக்கச் சொன்னார்.

ஆம்புலன்ஸுக்குப் பின்னாலேயே அழகியும் நானும் ஸ்கூட்டியில் போனோம். அங்கே மயக்கம் கொடுத்து, வாய்வழியாகக் குழாய் விட்டு அதை வெளியே எடுத்தார்கள். உணவுக்குழாய் வெந்திருந்தது, ஆனால் ஓட்டை விழவில்லை. இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் பேச்சே வேறாகியிருக்கும் என்றார்கள். பிரகதீஸ்வரி சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

வராந்தாவில் அத்தனை பேர் பார்க்க, பிரவீன்குமார் அழகியின் முகத்துக்கு நேரே விரலை நீட்டினார். "நீங்கதான வச்சிட்டுப் போனீங்க? எம் புள்ளையக் கொல்லப் பாத்தீங்களே!"

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. பிரின்டர் ஒயரைச் செருகியது யார் என்று கேட்க வாயைத் திறந்தேன். அழகி என் பக்கம் கையை நீட்டித் தடுத்தார்.

"ஆமா. நாந்தான் வச்சிட்டுப் போனேன்" என்றார். கத்தவில்லை. அவர் கத்தாமல் ஒரு வாக்கியம் சொல்லி நான் கேட்டது அன்றைக்கு அது இரண்டாவது.

திரும்பி வரும்போது நான்தான் பொரிந்து தள்ளினேன். அவர் கேட்டுக்கொண்டே ஸ்கூட்டியை ஓட்டினார். பிறகு சொன்னார்: "அவரு ஒயரச் சொருகுனது அவரோட தப்பு. அது என் வெரலோட போச்சு. நான் விட்டுட்டு வந்தது அந்தப் புள்ளை தொண்டைக்குப் போச்சு. ரெண்டையும் ஒண்ணாப் போட்டுப் பெசையாதீங்க சார்."

எனக்கு ஒப்பவில்லை. இன்றைக்கும் ஒப்பவில்லை. ஒயர் செருகிய கதையைப் பிரவீன்குமார் இதுவரை ஒருவரிடமும் சொன்னதில்லை. அன்றைக்குச் சிரித்த கூட்டம்தான் மறுநாளிலிருந்து ஊரெல்லாம் கதையைக் கொண்டுபோனது. ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு என்றார்கள். பேட்டரிக்காரி என்று பெயர் வைத்தார்கள். சில கடைகளில் அவரைக் கூப்பிடுவதை நிறுத்திக்கொண்டார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? ஆத்திரத்தில் பேட்டரியை விட்டுவிட்டு வந்தார், வாஸ்தவம். பழத்தைத் தட்டிவிட்டதும் அதே ஆத்திரம்தானே என்று நான் டீக்கடையில் சண்டை போட்டதுண்டு. "ஒங்களுக்கு என்ன சார் அந்தக்கா மேல அவ்வளவு அக்கறை?" என்று ஒருவன் இளித்தான். அவனுடன் இப்போது பேசுவதில்லை.

அழகி சாந்தமாகிவிட்டார் என்று யாராவது எதிர்பார்த்தால் ஏமாந்துபோவார்கள். முன்னைவிட மோசம். கடைவீதியில் கைக்கடிகாரம் சரிபார்க்கிறவர் தீர்ந்துபோன பொடி பேட்டரிகளை வாசலில் சுண்டி எறிவதைப் பார்த்துவிட்டு, ஸ்கூட்டியைக் குறுக்கே நிறுத்தி, அவரையே குனிந்து பொறுக்கவைத்தார். பொம்மைக் கடையில் பாட்டுப் பாடுகிற பொம்மையைத் திருப்பிப் பார்த்து, பேட்டரி மூடியில் திருகாணி இல்லை என்று கடைக்காரரோடு மல்லுக்கு நின்றார். அந்தக் கடைக்காரர் எந்தப் பக்கம் நியாயம் என்று புரியாமல் பொம்மையை வாங்கி உள்ளே வைத்துவிட்டார்.

வேலையிலும் ஒரு மாற்றம் வந்திருக்கிறது. முன்பெல்லாம் புதுசைப் போட்ட பிறகுதான் பழசைக் கவனிப்பார். இப்போது பழசுக்கு டேப் ஒட்டி, டப்பாவில் போட்டு, மூடியைத் திருகி, சட்டைப் பைப் பொத்தானையும் மாட்டிய பிறகுதான் புதுசின் உறையையே கிழிக்கிறார். அதுவரைக்கும் கம்ப்யூட்டர் காத்திருக்க வேண்டும், கூட்டமும் காத்திருக்க வேண்டும். பக்கத்தில் இருக்கும் பிரின்டர் ஒயரையும் சேர்த்துப் பிடுங்கிவிடுகிறார். கழுத்தில் இரண்டு ஒயர்கள் தொங்குகின்றன.

காவ்யாவுக்குத் தொண்டைப் புண் ஆறிவிட்டது. ரொம்ப நாள் குழாய் வழியாகத்தான் பால் போனது. இப்போது குழையப் பிசைந்த சோறு தின்கிறாள். குரலில் மட்டும் ஒரு கரகரப்பு நின்றுவிட்டது. சென்டரின் கம்ப்யூட்டர்களை இப்போது வேறு ஆள் வந்து பார்க்கிறார். பிரவீன்குமார் அழகியோடு பேசுவதில்லை. அன்றைக்குப் பிள்ளைக்காக ஓடி வந்ததோடு சரி, இனிமேல் படி மிதிக்க மாட்டேன் என்று சொன்ன சொல்லை அழகியும் அதற்குப் பிறகு மீறவில்லை. ஆனால் அந்தத் தெருவைக் கடக்கும் நாளெல்லாம் வண்டியைச் சென்டருக்கு முன்னால் தெருவிலேயே நிறுத்தி ஹாரன் அடிப்பார். பிரகதீஸ்வரி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு படிக்கு வருவார். "ஆ காட்டு" என்பார் அழகி. நெற்றி டார்ச்சைப் போட்டு உள்ளே பார்ப்பார். "ம்" என்பார். போய்விடுவார். அவ்வளவுதான் அவர்களுக்குள் பேச்சு.

போன வாரம் காத்தாயி கடையில் நான் பூ வாங்கிக்கொண்டிருந்தேன். ஸ்கூட்டி சத்தம் கேட்டது. ஹாரன் அடிக்கும் முன்பே காவ்யா தானாகவே நடந்து கடைசிப் படி வரை வந்து, வாயைப் பெரிதாகத் திறந்துகொண்டு நின்றாள். அழகி இறங்கினார். டார்ச்சைப் போட்டார். பார்த்தார். "ம்" என்று திரும்பினார்.

பிள்ளை அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டது. "நீயி" என்றது அந்தக் கரகரத்த குரலில். "நீயி ஆ காட்டு."

"எனக்கு வேல கெடக்குடி."

"ஆ காட்டு!"

அழகி சுற்றுமுற்றும் பார்த்தார். கடைவீதியே பார்த்துக்கொண்டிருந்தது. உள்ளே பிரவீன்குமார் கீ போர்டிலிருந்து கையை எடுத்திருந்தார். அழகி நெற்றியிலிருந்து டார்ச்சைக் கழற்றி அந்தச் சின்னக் கைகளில் கொடுத்தார். தெருமண்ணில் முழங்காலிட்டு, கண்களை மூடிக்கொண்டு, சத்தமே இல்லாமல் வாயைத் திறந்தார். காவ்யா டார்ச்சை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, ரொம்ப நேரம் உள்ளே தேடினாள்.